மலை ஏறினால் போதுமா?

சித்திரை பிறந்து, மொட்டை மாடிச் சுவர் இரவு பத்து மணிக்கும் அனலாய்த் தகிக்கத் தொடங்கியதும், நம் குடும்பங்களில் ஒரு சபை கூடுகிறது. "மலைக்குப் போய் வரலாம்" என்று குழந்தைகள் பிரேரேபிக்கின்றன. இல்லத்தரசி ஆமோதிக்கிறாள். குடும்பத் தலைவர் பணப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "மூன்று நாளைக்கு மேல் முடியாது" என்று ஒரு திருத்தம் கொண்டு வருகிறார். திருத்தத்துடன் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறுகிறது.

பிறகு நடப்பது எல்லோரும் அறிந்ததே. மேட்டுப்பாளையம் தாண்டியதும் மோட்டார் வண்டிகள் ரயில் பெட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக ஊர்கின்றன. முதல் நாள் பாதி வழியிலேயே கழிந்துவிடுகிறது. இரண்டாம் நாள் ஏரி, பூங்கா, சிகரம், அருவி என்று ஏழெட்டுப் 'பாயிண்டு'கள். ஒவ்வொன்றிலும் வண்டி நிறுத்த இடம் தேடுவதற்கு அரை மணி. படம் பிடித்துக்கொள்ள ஐந்து நிமிஷம். மூன்றாம் நாள் தேயிலைப் பொட்டலமும் தைலச் சீசாவும் வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும், "அப்பாடா! இனி ஒரு வாரம் ஓய்வு எடுத்தால்தான் உடம்பு தேறும்" என்கிறார்கள். ஓய்வுக்காகச் செய்த பிரயாணத்திலிருந்து ஓய்வு எடுக்க வேண்டியிருக்கிறது!

நான் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சரித்திரமும் பூகோளமும் கற்பிக்கிறவன். பதினான்கு ஆண்டுகளாக இந்த மலையில் குடியிருக்கிறேன். ஏறுகிற வண்டிகளையும் இறங்குகிற வண்டிகளையும் பார்த்துப் பார்த்து எனக்கு ஓர் அபிப்பிராயம் ஏற்பட்டிருக்கிறது. மலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மலையைப் பார்க்காமலே திரும்புகிறார்கள் என்பதே அது. அவர்கள் மேல் குற்றம் சொல்வது என் நோக்கமன்று. மலையில் உல்லாசமாய் இருப்பதற்கு வேறொரு வழியும் உண்டு, அது செலவும் சிரமமும் குறைந்த வழி என்று தெரிவிப்பதே என் நோக்கம்.

கோத்தர்களின் கிரி

நீலகிரி என்றதும் உதகமண்டலம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் இந்த மலைமேல் ஆங்கிலேயர் முதலில் வீடு கட்டிக்கொண்ட இடம் உதகை அன்று. கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் ஸல்லிவன் 1819-ஆம் ஆண்டு மலை ஏறி வந்தபோது, கோத்தகிரிக்கு அருகில் கன்னேரிமுக்கு என்னும் இடத்தில்தான் தமக்கு ஒரு வீடு எழுப்பிக்கொண்டார். உதகையில் அவருடைய கல் பங்களா எழுந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். கன்னேரிமுக்கு வீடு பழுது பார்க்கப்பட்டு, இன்று நினைவு இல்லமாக நிற்கிறது.

ஸல்லிவன் நீலகிரியைக் 'கண்டுபிடித்தார்' என்று பழைய புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். ஒரு நாள் வகுப்பில் இதைச் சொன்னபோது, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "அதுக்கு முன்னாடி மலை காணாமப் போயிருந்ததா, சார்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஸல்லிவன் வந்தபோது மலையில் தோடர்கள் எருமை மேய்த்துக்கொண்டிருந்தார்கள். படகர்கள் தானியம் விளைவித்துக்கொண்டிருந்தார்கள். சரிவுகளில் குறும்பர்களும் இருளர்களும் தேனும் காட்டுப் பொருள்களும் சேகரித்தார்கள். கோத்தர்களோ மலை முழுவதற்கும் கொல்லர், தச்சர், குயவர், வாத்தியக்காரர் எல்லாம் தாங்களேயாக இருந்தார்கள். பாலும் தானியமும் தேனும் கலப்பைக் கொழுவும் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி, காசில்லாமலே ஒரு வாணிபம் நடந்துகொண்டிருந்தது. அந்தக் கோத்தர்களின் பெயரால்தான் இவ்வூர் கோத்தகிரி ஆயிற்று.

ஸல்லிவனுக்கு உரிய நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மலை நிலத்தில் தோடர்களுக்கு உரிமை உண்டு என்று தம்முடைய சர்க்காருடனேயே வாதாடினவர் அவர். அவருக்குப் பின் வந்த துரைமார்கள் அத்தனை தூரம் யோசிக்கவில்லை. 1855-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌஸி பிரபு பல மாதங்கள் நீலகிரியில் தங்கி, இங்கிருந்தே இந்தியாவின் ராஜ்ய பாரத்தை நடத்தினார். பிறகு கோடைதோறும் சென்னை சர்க்காரே தஸ்தாவேஜுக் கட்டுகளுடன் உதகைக்கு ஏறுவது சம்பிரதாயமாகிவிட்டது. வேட்டை, பந்தயம், கிளப்பு, விருந்து என்று சீமை வாழ்க்கை மலைமேல் நடந்தது. அந்த உல்லாசத்தில் நம்மவருக்குக் கிடைத்த பங்கு, பெரும்பாலும் சுமை தூக்குவதும் குதிரை பிடிப்பதும் சமையல் செய்வதுமே.

இன்று மலையின் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. மிகவும் சந்தோஷம். ஆனால் துரைமார்களிடமிருந்து மலையைத் திரும்பப் பெற்றபோது, அவர்களுடைய மனப்பான்மையையும் கூடவே வாங்கிக்கொண்டோமோ என்று எனக்குச் சில சமயம் ஐயம் உண்டாகிறது. மலை என்பது கீழேயிருந்து வருகிறவர்கள் அனுபவிப்பதற்காக ஏற்பட்டது. அங்கே குடியிருப்பவர்கள் அந்த அனுபவத்துக்கு ஏவலாட்கள் என்ற மனப்பான்மையைத்தான் சொல்கிறேன். 1934-ல் காந்தியடிகள் தமது ஹரிஜன யாத்திரையின் நடுவே நீலகிரிக்கு வந்து, குன்னூரில் சில நாள் தங்கினார். குளிர் காற்றை அவரும் சுவாசித்தார். ஆனால் மலையிலுள்ள ஜனங்களைச் சந்திப்பதும் அவர்களோடு பேசுவதும் அந்தத் தங்கலின் ஓர் அங்கமாயிருந்தன. மலைக்கு விருந்தாளியாய் வருவது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

காற்றும் வெயிலும்

கோத்தகிரி ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. உதகையைப் போல நடுக்கும் குளிர் இல்லை. இதற்குக் காரணம் உயரம் மட்டும் அன்று. நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமாகிய தொட்டபெட்டா, 2,637 மீட்டர் உயரமுள்ள மதிலாக மேற்கே நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் சீற்றத்தை அந்த மலைத்தொடர் தாங்கிக்கொள்கிறது. ஆகவே ஆனி, ஆடி மாதங்களில் மலையின் மேற்குப் பகுதி நாள் கணக்காக மழையில் ஊறிக்கொண்டிருக்கும்போது, கோத்தகிரியில் சாரலும் வெயிலும் மாறி மாறி விளையாடும். எங்களுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருகிறது.

இங்கே ஒரு நாள் எப்படிக் கழியும் என்று சொல்கிறேன். விடியற்காலையில் கதவைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் வெண்மேகம் பாலைக் கொட்டி வைத்தாற்போல் கிடக்கும். அதற்குமேல் தீவுகளைப் போலச் சில குன்றுகள் மட்டும் தலை நீட்டிக்கொண்டிருக்கும். எட்டு மணிக்கு மேகம் கலைந்து, தேயிலைச் செடிகளின் பச்சை படிப்படியாய் வெளிவரும். வேலியோரத்தில் ஒரு காட்டெருமை, ஊர்ச் சபைத் தலைவரைப் போல அவசரமின்றி மேய்ந்துகொண்டிருக்கும். அதற்கு வழிவிட்டு நிற்பதே மரியாதை, புத்திசாலித்தனமுங்கூட. இரவில் கரடியின் நடமாட்டமும் உண்டு. கோயில் விளக்கிலுள்ள எண்ணெயின்மேல் அதற்கு அபாரப் பிரியம். மாலையில் தேநீரும் வர்க்கியும். இந்த வர்க்கி பல மடிப்புகளுடன் மொறமொறவென்று உதிரும் ஒரு பலகாரம். 'ஊட்டி வர்க்கி' என்ற பெயரில் 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. சூடான தேநீரில் அதை எத்தனை வினாடி நனைக்கலாம் என்பது அனுபவத்தினால் மட்டுமே வரக்கூடிய ஞானம்.

சோலைக்குள்ளே

மலையில் முதன்மையான பொழுதுபோக்கு எது என்று என்னைக் கேட்டால், நடப்பதுதான் என்பேன். நடப்பதற்கு ஒரு நல்ல இடமும் சொல்வேன்.

கோத்தகிரிக்கு அருகில் லாங்வுட் சோலை என்று ஒரு காடு இருக்கிறது. பரப்பு சுமார் 116 ஹெக்டேர். வன இலாகாவின் அனுமதி பெற்று உள்ளே போக வேண்டும். பத்து அடி நடந்ததும் வெளியிலுள்ள வெளிச்சம் பின்தங்கிவிடும். மரங்கள் ஓங்கி வளர்ந்தவை அல்ல. முறுக்கிக்கொண்டு, பாசி போர்த்து, கிளைகளில் பன்னமும் ஆர்க்கிடும் தாங்கி நிற்பவை. காலடியில் இலைச் சருகு மெத்தையாய் அமுங்கும். புதருக்குள்ளிருந்து யாரோ நம்மைப் பார்த்துச் சிரிப்பது போல ஓர் ஓசை எழும். அச்சம் வேண்டாம், அது நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய 26 வகைப் பறவைகளில் 14 வகைகள் இந்தச் சிறிய சோலையில் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் ராம்ஸார் உடன்படிக்கையின்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ஜாபிதாவில் இது சேர்க்கப்பட்டது.

'ஏரியோ குளமோ இல்லாத காட்டை ஈரநிலம் என்பானேன்?' என்று நேயர்கள் கேட்கலாம். என் மாணவர்களும் கேட்டார்கள். அவர்களைச் சோலைக்கு அழைத்துப் போனபோது, ஒரு குவளைத் தண்ணீரைச் சருகுத் தரையில் ஊற்றச் சொன்னேன். தண்ணீர் இருந்த இடம் தெரியாமல் உள்ளே இறங்கிற்று. வெளியே வந்து, பாதையோரத்துக் கட்டாந்தரையில் இன்னொரு குவளை ஊற்றினோம். அது மண்ணைக் கரைத்துக்கொண்டு சரிவில் ஓடிப்போயிற்று. சோலை செய்யும் வேலை இவ்வளவுதான். மழையையும் மூடுபனியையும் பஞ்சைப் போல வாங்கி வைத்துக்கொண்டு, கோடையிலும் ஊற்றாகக் கசியவிடுகிறது. அடுத்துள்ள பல கிராமங்களுக்குக் குடிதண்ணீர் இங்கிருந்துதான் போகிறது. அதனால்தான் ஊரார் சிலர் ஒன்றுகூடி, மரம் வெட்டவும் குப்பை கொட்டவும் விடாமல் இச்சோலையைக் காத்து வந்திருக்கிறார்கள்.

மலையில் முன்பு இப்படிச் சோலைகளும், அவற்றின் நடுவே புல்வெளிகளுமாக இருந்தன. துரைமார்கள் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்குமாகக் கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் ஆலைத் தேவைக்காக அந்த நடவு தொடர்ந்தது. சீகை இப்போது யாரும் நடாமலே பரவுகிறது. புல்வெளி போன இடத்தில் ஓடையும் மெலிந்துவிட்டது.

இந்தச் சோலைகளைப் பொறுமையுடன் பார்த்தவர்களில் ஒருவர் மார்கரெட் காக்பர்ன் என்ற அம்மையார். 1829 முதல் 1928 வரை நெடுங்காலம் வாழ்ந்தவர். கோத்தகிரியிலேயே குடியிருந்து, இங்குள்ள பறவைகளையும் செடிகளையும் வர்ணச் சித்திரங்களாக எழுதினார். அவை லண்டன் இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சி சாலையில் இருக்கின்றன. கோத்தகிரிக்குக் கீழே 250 அடி உயரத்திலிருந்து இரு படியாக விழும் காதரீன் அருவிக்கு அவருடைய அன்னையின் பெயர்தான் இட்டிருக்கிறார்கள். அருவியை ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். ஒரு பறவையைப் பார்ப்பதற்கோ அசையாமல் அரை மணி உட்கார வேண்டும். குழந்தைகளுக்கு இந்த விளையாட்டு எவ்வளவு பிடித்துப் போகிறது என்பதை நேரில் கண்டவன் நான்.

கோடநாட்டுக் காட்சி

கிழக்கே பதினெட்டுக் கிலோமீட்டர் சென்றால் கோடநாடு. தேயிலைத் தோட்டங்கள் சட்டென்று முடிந்து, மலை செங்குத்தாய்க் கீழே இறங்குகிறது. பள்ளத்தில் மாயாறு, கழற்றிப் போட்ட வெள்ளி அரைஞாணைப் போல வளைந்து கிடக்கிறது. ஒரு பக்கம் இருளர்கள் வணங்கும் ரங்கசாமி மலை. அதையடுத்து, யாரோ நட்டு வைத்தது போல் ஒற்றைத் தூணாக ஒரு பாறை.

ஆற்றங்கரையில் காட்டின் நடுவே ஒரு பச்சைத் துண்டு தெரியும். அதுதான் தெங்குமரஹடா. கோத்தகிரித் தாலூகாவைச் சேர்ந்த கிராமம். கண்ணுக்கு எட்டும் தூரம். ஆனால் வண்டியில் அங்கே போக வேண்டுமானால் மலையை விட்டு இறங்கி, பவானிசாகரைச் சுற்றிக்கொண்டு, யானைக் காட்டின் வழியே சென்று, கடைசியில் மாயாற்றையும் தாண்டியாக வேண்டும். பூகோளப் பாடத்தில் 'தூரம்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்று நான் இந்த இடத்தில் நின்றுகொண்டுதான் விளக்குவது வழக்கம்.

மாயாறு சற்றுத் தூரத்தில் பவானியோடு சேர்கிறது. அங்கே 1955-ல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையிலிருந்து கீழ்பவானிக் கால்வாய் புறப்பட்டு, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நனைக்கிறது. ஈரோட்டு மஞ்சளுக்கும் கோபிசெட்டிபாளையத்து நெல்லுக்கும் வேண்டிய ஈரத்தில் ஒரு பங்கு, இந்த மலைச் சோலைகளில் சொட்டுச் சொட்டாய்ச் சேர்ந்ததுதான். மலை கெட்டால் மலைவாசிகளுக்கு மட்டும் நஷ்டம் என்று எண்ணுகிறவர்கள் ஒரு முறை கோடநாட்டில் நின்று கீழே பார்க்க வேண்டும்.

ஹெத்தெ கேட்ட கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன், மே மாதத்தில், சென்னையில் உத்தியோகம் பார்க்கும் என் மைத்துனர் குடும்பத்துடன் வந்திருந்தார். கையில் பதினோரு இடங்களின் பெயர் எழுதிய ஒரு காகிதம். மறுநாள் மாலைக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும்!

அது தண்ணீர் கஷ்டமான சமயம். எங்கள் தெருக் குழாயில் நாலைந்து நாளுக்கு ஒரு முறைதான் தண்ணீர். பக்கத்து வீட்டில் இருக்கும் படகப் பாட்டியை நாங்கள் எல்லோரும் 'ஹெத்தெ' என்றே அழைப்போம். பாட்டி என்பதற்கு அவர்கள் மொழியில் அதுதான் சொல். குடத்துடன் குழாயடியில் நின்ற ஹெத்தெ, வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த என் மைத்துனரைச் சிறிது நேரம் பார்த்தாள்.

"எத்தனை நாள் இருப்பே, தம்பி?" என்று கேட்டாள்.

"நாளைக்கே கிளம்பணும், பாட்டி."

"நாளைக்கே போறவன் வண்டிய எதுக்குக் கழுவறே? மறுபடி புழுதியிலதானே போகப் போறே? அந்தத் தண்ணியில நான் ரெண்டு நாள் ராகிக் களி கிண்டுவேனே!"

மைத்துனர் வெட்கத்துடன் வாளியைக் கீழே வைத்துவிட்டார். ஹெத்தெக்குக் கோபம் ஒன்றும் இல்லை. குழந்தைகளைக் கூப்பிட்டுக்கொண்டு, வீட்டின் பின்னுள்ள தன் அரை ஏக்கர் தேயிலைக்குப் போய்விட்டாள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுவது எப்படி என்று காட்டிக் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் குழந்தைகள் ஒரு கூடையின் அடிப்பாகத்தை நிரப்பினார்கள். அது எவ்வளவு பெறும் என்று ஆவலுடன் கேட்டார்கள். ஹெத்தெ சொன்ன தொகையைக் கேட்டு அவர்கள் முகம் வாடியதை நான் மறக்கவில்லை. பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை வேண்டுமென்று 2023-ல் இந்த மலையிலுள்ள சிறு விவசாயிகள் தொடர்ந்து உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்து, என் மைத்துனரின் மூத்த பெண் எனக்கு ஒரு கடிதம் எழுதினாள்: "மாமா! ஹெத்தெயின் தேயிலைக்கு விலை ஏறியதா?"

பதினோரு இடங்களில் அவர்கள் பார்த்தவை இரண்டே. ஆனால் மறுநாள் கிளம்பவில்லை. நாலு நாள் இருந்துவிட்டுத்தான் போனார்கள்.

கதவில் நின்று எண்ணும் காலம்

2009-ஆம் ஆண்டு நவம்பரில் நீலகிரியில் பெய்த பேய்மழையில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மழை தெய்வச் செயல் என்று சொல்லிவிடலாம். ஆனால் சரிவை வெட்டி, ஓடையை மூடி, கட்டடத்தின்மேல் கட்டடம் எழுப்பியது தெய்வம் அல்லவே! அந்தக் கட்டடங்களில் கணிசமானவை கோடையில் சில வாரங்கள் வந்து போகிறவர்களை உத்தேசித்து எழுந்தவை.

சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் பெற வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. 2025 கோடையில் நீலகிரிக்குச் சாதாரண நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் கட்டினார்கள். விருந்தாளிகளை வாசலில் நிறுத்தி எண்ணி உள்ளே விடும் நிலை வந்தது வருந்தத்தக்கதே. இதனால் தங்கள் வியாபாரம் குன்றுகிறது என்று கடைக்காரர்களும் விடுதிக்காரர்களும் முறையிட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு யோசனை. மூன்று குடும்பங்கள் தலைக்கு ஒரு நாள் வந்து போவதைக் காட்டிலும், ஒரு குடும்பம் மூன்று நாள் ஓர் ஊரில் நிலைத்து இருந்தால், பாதையில் வண்டி குறையும். விடுதிக்காரருக்கு வருமானம் குறையாது. வந்தவருக்கும் மலை என்பது இன்னதென்று தெரியும்.

வர விரும்புகிறவர்களுக்கு

ஆகையால் நேயர்களுக்குச் சில வார்த்தைகள். மே மாதத்தில்தான் வர வேண்டும் என்ற நியதி இல்லை. மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிவாயிருக்கும். கம்பளி மட்டும் அவசியம். கோத்தகிரிக்குப் பக்கத்திலுள்ள பேரகணியில் படகர்களின் ஹெத்தையம்மன் திருவிழாவும் அந்தக் காலத்தில்தான். ஆயிரக்கணக்கானவர்கள் வெள்ளை உடையில் மலைச் சரிவில் நடந்து வருவது கண்கொள்ளாக் காட்சி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் வர வேண்டாம்.

சொந்த வண்டி இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து பற்சக்கர ரயிலில் குன்னூர் வரை வரலாம். 1899-ல் ஓடத் தொடங்கிய அந்த ரயில், 2005-ல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியச் சின்னமாயிற்று. அது ஆமை வேகத்தில் ஏறுவதே மலையில் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு முதல் பாடம். குன்னூரிலிருந்து கோத்தகிரிக்குப் பஸ் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து நேரே வரும் பாதையில் குஞ்சப்பனை என்ற இடத்தில், பலாப்பழக் காலத்தில் யானைகள் பாதைக்கு வரும். அங்கே வண்டியை நிறுத்திப் படம் பிடிக்க வேண்டாம். பழம் அவற்றுக்கு, பாதை நமக்கு. அதற்குமேல் உறவு கொண்டாட அவை விரும்புவதில்லை.

ஓர் ஊரில் நாலு நாள் தங்குங்கள். தண்ணீர்ப் புட்டியை வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் புட்டிகளுக்கு இங்கே தடை உண்டு. காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி நடவுங்கள். எதிரில் வருகிறவரை நிறுத்தி வழி கேளுங்கள். வழியோடு ஊர்ச் சமாசாரமும் கிடைக்கும். தேயிலை வாங்குவதானால், சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலையில் செய்த தூளாகப் பார்த்து வாங்குங்கள். குளிக்கும் அறையில் குழாயைத் திறக்கும்போது, கீழ்த் தெருவில் குடத்துடன் ஒருத்தி நிற்கிறாள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மற்றபடி உங்கள் உல்லாசத்துக்கு இங்கே ஒரு குறைவும் இராது. மேகத்தைப் பார்ப்பதற்கும் சிரிப்பானின் சிரிப்பைக் கேட்பதற்கும் இதுவரை யாரும் கட்டணம் விதிக்கவில்லை.